ஒளியால் கதை சொன்ன பாலு மகேந்திரா

திரைப்படக் கலையில் ஒளிப்பதிவாளர் பிறர் புனைந்த கதைக்கு உருவம் தருபவர். புகழோ பெரும்பாலும் நடிகரையும் இயக்குநரையுமே சென்று சேரும். அந்நிலையிலிருந்து இயக்குநராக உயர்ந்த பின்னரும் ஒளிப்பதிவைப் பிறர் கையில் ஒப்படைக்க மனமில்லாதிருந்தவர் பாலு மகேந்திரா. அவர்தம் கலைவாழ்வின் தனிச்சிறப்பு இதுவே எனலாம்.

இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939-ஆம் ஆண்டு பிறந்த இவர், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969-இல் தங்கப் பதக்கத்துடன் தேறினார். அவரை முதலில் வரவேற்றது மலையாளத் திரையுலகம். ராமு காரியத் இயக்கிய 'நெல்லு' (1974) கேரள அரசின் விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. அவர் முதன்முதலாக இயக்கியதோ 'கோகிலா' (1977) என்னும் கன்னடப் படம். 1978-இல் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தபின், 1979-இல் 'அழியாத கோலங்கள்' வாயிலாகத் தமிழில் இயக்குநரானார். பிறமொழி நிலங்களில் உழைத்துப் பெயர் பெற்ற பின்னரே இத்தமிழர் தமிழில் படம் இயக்கினார் என்பது, தமிழகத்திற்கு வெளியே வாழும் நாம் எண்ணி மகிழத்தக்கது.

ஒளிப்பதிவுக்கான தேசிய விருது 'கோகிலா', 'மூன்றாம் பிறை' (1982) ஆகிய இரு படங்களுக்காக அவருக்குக் கிடைத்தது. இரண்டும் அவரே இயக்கியவை. சன்னல் வழியே வரும் வெளிச்சமும் மாலை மங்கலும் அவர் படங்களில் வெறும் அழகுக்காக நில்லாமல், மாந்தரின் மனநிலையையே உரைத்தன.

இவ்வாற்றலின் முதிர்ச்சியே 'வீடு' (1987). பாடல்கள் இல்லாத அப்படத்தின் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவருடையவையே. சென்னையில் சிறுவீடு ஒன்று கட்ட முனையும் அலுவலகப் பெண்ணின் அல்லலை, மாதச் சம்பளத்தை நம்பி வாழ்வோர் கற்பனை எனக் கருதார். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும், படத்திற்குச் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதும் கிடைத்தன.

'தலைமுறைகள்' (2013) படத்தில் தாமே நடித்து இயக்கிய அவர், 13-2-2014 அன்று மறைந்தார். 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற தம் படங்களின் மூலச் சுருள்கள் அழிந்தமைக்கு வருந்தி, திரைப்படங்களைக் காக்க ஆவணக் காப்பகம் வேண்டுமென்று இறுதிக் காலத்தில் அவர் வலியுறுத்தினார். கரையானுக்கும் ஆற்றுப் பெருக்கிற்கும் ஏட்டுச் சுவடிகளைப் பறிகொடுத்துப் பின் வருந்திய இனம் நம்முடையது. படச்சுருள்களையும் அவ்வாறே இழத்தல் தகுமோ?