திரையில் படித்த சாலை விதி நம் தெருவுக்குப் பொருந்துமா?

சிறு பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பைச் சொல்லித் தரும் இணைய விளையாட்டுகள் இப்போது ஏராளம். சமிக்ஞை விளக்கின் நிறத்தைத் தொடுவது, சாலைக் குறியீட்டை உரிய இடத்துக்கு இழுத்து வைப்பது, படத்தில் ஆபத்து எங்கே என்று கண்டுபிடிப்பது என ஐந்து வயதுப் பிள்ளையும் கைப்பேசியில் புள்ளிகளைக் குவிக்கிறது. அந்த விளையாட்டு எந்த நாட்டுச் சாலையை வைத்துத் தயாரிக்கப்பட்டது என்று பார்க்கும் பெற்றோர்தாம் குறைவு.

மலேசியாவில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. ஆகவே, ஓரத்தில் நிற்கும் பிள்ளையை முதலில் நெருங்கும் வாகனம் வலப்பக்கத்திலிருந்து வரும். வலம், இடம், மீண்டும் வலம் என்று பார்ப்பதுதான் இங்கே சரி. அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கிருந்து வரும் பாட்டும் விளையாட்டும் இடம், வலம், இடம் என்று சொல்லித் தருகின்றன. அதை மனப்பாடம் செய்த பிள்ளை, சாலையில் கால் வைக்கும் நொடியில் தவறான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பயிற்சிகளில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கும் வாகனங்கள் இடப்பக்கம்தான்.

பள்ளிப் பேருந்து விஷயமும் அப்படியே. அமெரிக்காவில் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால் பொதுவாக மற்ற வாகனங்களும் நின்றாக வேண்டும். பிள்ளைகள் பேருந்துக்கு முன்னால் கடந்து செல்கிறார்கள். இங்கே அதை நம்பி இறங்கினால், முந்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள் பிள்ளையின் கண்ணுக்கே தெரியாது. பேருந்து போகும்வரை ஓரத்திலேயே காத்திருப்பதுதான் நம் பிள்ளைகள் பழக வேண்டியது.

சரியான விளையாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் திரைக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7, 8 வயதுப் பிள்ளைகள் 200க்கும் மேற்பட்டோரைப் பல பிரிவுகளாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். பெரியவர் ஒருவர் சாலையோரம் நின்று தனித்தனியே சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் நன்கு முன்னேறினர். காணொளியும் இணையத்தளமும் மட்டும் பார்த்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை.

காரணம் எளிது. குறியீட்டின் பெயரைத் திரை கற்றுத்தரும். வேகத்தைக் கணிக்கக் கற்றுத்தராது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 50 மீட்டரை மூன்றே வினாடியில் தாண்டிவிடும். சின்னக் கால்கள் இருவழிச் சாலையைக் கடக்க ஆறேழு வினாடி ஆகும். இந்தக் கணக்கு ஆரம்பப் பள்ளி வயதில் பிடிபடுவதில்லை. பத்து வயதுவரை பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க வேண்டாம் என்று வல்லுநர்கள் பலரும் சொல்வது இதனால்தான்.

எனவே, பத்து நிமிடம் விளையாடிய பிறகு அதே பாடத்தை வீட்டு வாசல் சாலையில் செய்து பார்க்கலாம். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “இப்போது போகலாமா?” என்று கேட்டு, அது சொல்லும் பதிலுக்குக் காரணமும் கேட்க வேண்டும். தோட்டப்புறத்தில் நடைபாதை இல்லாத இடங்களில் எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலது ஓரமாக நடப்பது, நிற்கும் செம்பனை லாரியின் பின்னால் போகாமல் இருப்பது ஆகியவற்றை எந்த வெளிநாட்டு விளையாட்டும் சொல்லித் தராது.

மேற்கத்திய விளையாட்டுகளில் பிள்ளை பெரும்பாலும் காரில்தான் போகிறது. நம்மவர் பலரின் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது அப்பாவின் மோட்டார் சைக்கிளில். நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையவை என்பதை நினைத்தால், பிள்ளைக்கும் அதன் தலை அளவுக்கேற்ற, சிரிம் முத்திரை உள்ள தலைக்கவசம் வாங்குவதைத் தள்ளிப்போட முடியாது. பெரியவரின் பழைய தலைக்கவசம் ஆடும், கழன்றுவிடும். தாடைப் பட்டியைத் தினமும் பூட்டியே கிளம்ப வேண்டும், பள்ளி பக்கத்துத் தெருவில் இருந்தாலும்.