இரண்டு கடிதங்கள்: சீனப் பயணியும் வீசாவின் வரலாறும்



சீன தேசம் வரை சென்றாவது கல்வி தேட வேண்டும் என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த அறிவிப்பு பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். சீனாவுக்குப் போவதைப் பற்றிப் பேசும் நாம், சீனாவிலிருந்து ஒரு சாதாரண மனிதர் பத்து நாள் உலகம் பார்க்கப் புறப்பட்டால் அவர் கையில் என்னென்ன பத்திரங்கள் இருக்க வேண்டும் என்று யோசித்ததில்லை. அந்தப் பத்திரங்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் முஸ்லிம் வணிகர்களும் சாட்சிகளாக நிற்கிறார்கள்.

ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851 இல் அரபு மொழியில் ஒரு நூல் எழுதப்பட்டது. சீனாவும் இந்தியாவும் பற்றிய செய்திகள் என்பது அதன் பெயரின் பொருள். வணிகர் சுலைமானின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அப்போது சீனாவை ஆண்டது தாங் அரச வம்சம். அரபு, பாரசீக வணிகர்கள் கன்ஃபூ என்று அழைத்த குவாங்சோ துறைமுகத்தில் பெருந்தொகையாக இருந்தார்கள்.

சீனாவுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக விரும்புபவர் இரண்டு கடிதங்கள் பெற வேண்டும் என்று அந்த நூல் சொல்கிறது. ஒன்று ஆட்சியாளர் கொடுப்பது. அதில் பயணியின் பெயர், வயது, கூட வருபவர்களின் பெயர், வயது, அவர் எந்தக் கோத்திரத்தார் என்ற விபரம் இருக்கும். மற்றது அரண்மனைப் பணியில் இருந்த அதிகாரி கொடுப்பது. அதில் பயணி கொண்டு போகும் பணமும் பொருளும் எழுதப்பட்டிருக்கும். வழியில் உள்ள காவல் நிலைகளில் இரண்டையும் பார்த்து, இன்னார் மகன் இன்னார் இன்ன நாளில் இன்னின்ன பொருளோடு வந்து சேர்ந்தார் என்று பதிவு செய்வார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஒன்று அடையாளப் பத்திரம், மற்றது வங்கிக் கூற்று!

இவ்வளவு பதிவு எதற்கு என்பதையும் அந்த நூல் சொல்கிறது. பயணியின் பொருள் எதுவும் தொலைந்துவிடக் கூடாது. தொலைந்தால் எங்கே தொலைந்தது என்று கண்டுபிடித்து அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் வழியில் இறந்துபோனால் அவரது வாரிசுகளுக்கு அது போய்ச் சேர வேண்டும். அந்தக் கடிதம் பயணியைக் கண்காணித்தது, கூடவே அவருக்குப் பொறுப்பும் ஏற்றது.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, புத்தளத்தில் இறங்கி பாவாத மலை ஏறிய நம் இப்னு பதூதாவும் இதையே எழுதினார். அவர் சீனா வரை போனாரா என்று ஐயப்படும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் அவரது நூலில் உள்ள விபரம் சுவையானது. வெளிநாட்டார் வந்தால் அவர்களுக்குத் தெரியாமலே அவர்களின் உருவத்தை வரைந்து வைப்பார்களாம். குற்றம் செய்துவிட்டு ஓடினால் அந்தப் படம் ஊர் ஊராகப் போகும். அதே வேளை பயணியின் பணத்தை எண்ணி வாங்கி வைக்கும் விடுதிக்காரர் அதற்குப் பொறுப்பாளி. பயணிக்கு மிகவும் பாதுகாப்பான நாடு சீனா என்று அவர் எழுதியதற்குக் காரணமும் அதுதான்.

கடுமை இல்லாத காலம் என்று அதைச் சொல்ல முடியாது. தாங் காலத்தின் தொடக்கத்தில் எல்லையைத் தாண்டத் தடை இருந்தது. பௌத்த நூல்களைத் தேடி இந்தியா சென்ற சுவான்சாங் அனுமதி இல்லாமலே நாட்டைவிட்டு வெளியேறினார். 645 இல் நூல்களோடு திரும்பியபோது பேரரசரே அவரை வரவேற்றார்.

இனி பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். அமெரிக்காவில் ரயில் பாதை போடவும் சுரங்கத்தில் வேலை செய்யவும் சீனர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டப்பட்டார்கள். வேலை முடிந்து, பொருளாதாரம் சரிந்ததும் அவர்களே வேண்டாதவர்கள் ஆனார்கள். 1882 இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஒரு நாட்டவரைப் பெயர் சொல்லி அமெரிக்கா தடுத்த சட்டம் அது.

வணிகர், மாணவர், ஊர் பார்க்க வருபவர் போன்றோருக்கு விலக்கு இருந்தது. அதற்கும் தம் அரசிடமிருந்து சான்றிதழ் பெற வேண்டும். பெயர், வயது, உயரம், உடல் அடையாளம், தொழில், வசிக்கும் இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 1884 இல் சட்டத்தைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். சுற்றிப் பார்க்க வருபவர் அமெரிக்காவைக் கடந்து போகிறாரா, உள்ளே சுற்றப் போகிறாரா என்றும், சொந்த நாட்டில் அவரது பண நிலை என்ன என்றும் எழுத வேண்டும். புறப்படும் இடத்திலுள்ள அமெரிக்கத் தூதரக அதிகாரி அதைச் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். இன்றைய சுற்றுலா வீசாவின் எலும்புக்கூடு முழுவதும் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது.

851 இல் கேட்ட அதே இரண்டு கேள்விகள்தான்: நீ யார், உன்னிடம் எவ்வளவு இருக்கிறது? ஆனால் உன் பொருள் தொலைந்தால் நாம் பொறுப்பு என்ற வாக்கு மட்டும் அங்கே இல்லை. 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ அருகே ஏஞ்சல் தீவில் சீனர்களைத் தடுத்து வைத்து, ஊரில் உன் வீட்டுக்கு எத்தனை படி என்பது வரை விசாரித்தார்கள். 1943 இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அப்போதும் ஆண்டுக்கு 105 பேர்தான் குடியேறலாம் என்றார்கள்.

உள்ளேயும் கதவு பூட்டியே இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையான வரலாறு ஆகாது. மாவோ காலத்தில் சாதாரண சீனக் குடிமகனுக்குச் சொந்தத் தேவைக்காகக் கடவுச்சீட்டு கிடைப்பது அரிது. 1986 இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் தனிப்பட்ட காரணங்களுக்காக வெளியே போகும் வழியைத் திறந்தது. சொந்தச் செலவில் சுற்றுலா போவதற்கான விதிகள் 1997 இல் வந்தன. 2004 இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி அங்கீகரிக்கப்பட்ட பயண முகவர் மூலம், குறைந்தது ஐந்து பேர் கொண்ட குழுவாகப் போக வேண்டும். குழுவில் ஒருவர் தலைமறைவானால் முகவருக்குச் சிக்கல். அதனால் பல முகவர்கள் பயணியிடம் பெருந்தொகைப் பணத்தைப் பிணையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது தனியாகவும் விண்ணப்பிக்கலாம். சீனக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் பாரிஸையும் ரோமையும் பார்க்க ஷெங்கன் வீசாவுக்குப் போனால் அவர் கோப்பில் என்ன இருக்கும்? விண்ணப்பப் படிவம், படம், விமானப் பதிவு, ஹோட்டல் பதிவு, எந்த நாள் எந்த ஊர் என்ற அட்டவணை, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, கடந்த சில மாதங்களின் வங்கிக் கூற்று, தொழில் வழங்குநர் முத்திரையிட்டுத் தந்த விடுமுறைக் கடிதம், அந்த நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழின் பிரதி. 2015 ஒக்டோபரிலிருந்து கைவிரல் அடையாளமும் உண்டு. 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. வீசா கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

இவற்றோடு ஹுகோவ் எனப்படும் குடும்பப் பதிவேட்டின் பிரதியும் கேட்கப்படுகிறது. கிராமத்தார் நகரத்தில் குடியேறாமல் தடுக்க 1958 இல் இறுக்கப்பட்ட பதிவு முறை அது. சொந்த நாட்டுக்குள் ஒருவரைக் கட்டிப் போட்ட அதே புத்தகம், இவர் திரும்பி வருவார் என்பதற்கு வெளிநாட்டாரிடம் சாட்சியாகப் போகிறது. ஏனென்றால் இந்தக் கோப்பு முழுவதும் ஒரேயொரு சந்தேகத்துக்கான பதில்தான்: போனவர் திரும்புவாரா? குடும்பம் இல்லாத இளைஞருக்கும் நிரந்தரத் தொழில் இல்லாதவருக்கும் அந்தச் சந்தேகம் கூடுதலாக விழுகிறது.

அந்தக் கோப்பைத் தொடங்கவே முடியாத சீனர்களும் இருக்கிறார்கள். 2016 இல் சின்ஜியாங் பகுதியில் கடவுச்சீட்டுகளைப் பொலிஸாரிடம் ஒப்படைக்குமாறு மக்களுக்கு உத்தரவிடப்பட்டது. அங்கே வாழும் உய்குர்கள் நம் மார்க்கச் சகோதரர்கள். அவர்களுக்கு வீசா மறுக்கப்படுவது இரண்டாவது கதவு. முதல் கதவு வீட்டு வாசலிலேயே சாத்தப்பட்டுவிட்டது.

மறுபுறம், கதவுகள் திறப்பதையும் பார்க்கிறோம். மலேசியா 2023 டிசம்பரில் சீனர்களுக்கு வீசா தேவையில்லை என்றது. 2024 இல் சிங்கப்பூரும் தாய்லாந்தும் சீனாவோடு பரஸ்பரம் வீசாவை நீக்கின. நம் நாடும் 2023 நவம்பரில் சீனா உட்பட ஏழு நாட்டவருக்குக் கட்டணமில்லாத வீசாவைப் பரீட்சார்த்தமாக வழங்கியது. சுற்றுலா வருமானம் வேண்டும் என்ற நிலை வந்ததும் திரும்புவாரா என்ற சந்தேகம் எவ்வளவு வேகமாகக் கரைந்துவிடுகிறது பாருங்கள்! அதே சீனர், அதே கடவுச்சீட்டு. மாறியது வாசலில் நிற்பவரின் தேவை மட்டும்தான்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மேலே சொன்ன கோப்பில் ஹுகோவுக்குப் பதிலாக கிராம உத்தியோகத்தர் சான்றிதழை வைத்தால் அது நம்மவர்களின் கோப்பு. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் உம்மாவும் காணி உறுதியையும் வைப்புக் கணக்கையும் காட்ட வேண்டியிருக்கிறது. மறுக்கப்பட்டால் ஊரில் அதை ஒரு வெட்கம்போல் பேசுகிறோம். அது அவரது தகுதிக்கான தீர்ப்பு அல்ல. எந்த நாட்டவரைப் பார்த்து எப்போது பயப்படுவது என்று பிறர் எழுதிய கணக்கு அது. அதே நேரம், போலி வங்கிக் கூற்று தயாரித்துக் கொடுப்பவர்களும் அதை வாங்குபவர்களும் அடுத்து உண்மையாக விண்ணப்பிப்பவரின் வழியை அடைக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஃபிக்ஹில் அமான் என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து வருபவருக்குக் கொடுக்கும் பாதுகாப்பு வாக்கு அது. அதைப் பெற்றவர் முஸ்தஃமின். அவரது உயிரும் பொருளும் கொடுத்தவரின் பொறுப்பு, அந்த நாட்டின் ஒழுங்கை மீறாமல் இருப்பது அவரது பொறுப்பு. இக்கால அறிஞர்கள் பலர் வீசாவையும் அமானாகவே பார்க்கிறார்கள். அந்த அரபு வணிகர்கள் சீனாவின் இரண்டு கடிதங்களைக் குறை சொல்லாமல் மெச்சியதும் இதனால்தான் என்று நினைக்கிறோம்.

நம் பக்கத்துக் கடற்கரைகளுக்கும் சீனப் பயணிகள் வருகிறார்கள். ஓட்டோவில் ஏறுபவரிடம் இரண்டு மடங்கு வாங்குவதும், மொழி தெரியாதவரைக் கடையில் ஏய்ப்பதும் அந்த அமானை முறிக்கும் செயல்கள். அரசாங்கம் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்த வாக்கை ஊரில் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தான். விடுதியும் ஓட்டோவும் கடையும் நடத்தும் சகோதரர்களுக்கு இதை எத்தி வையுங்கள்.