ஓரியூர்ச் செம்மண்

தைத்திங்களின் முன்பனி விலகுமுன், இராமநாதபுரச் சீமையின் ஓரியூர் என்னும் சிற்றூரை நோக்கி மக்கள் திரள்வர். பிப்ரவரி 4 புனித அருளானந்தர் திருநாள். 1693ஆம் ஆண்டு அந்நாளில், அம்மண்ணில்தான் அவர் தலை துணிக்கப்பட்டது.

லிஸ்பனில் 1647இல் பிறந்து, போர்த்துகல் அரண்மனையில் இளவரசருடன் வளர்ந்தவர் ஜான் தெ பிரிட்டோ. மதுரை மறைப்பணிக்கு வந்து காவியுடுத்துப் பண்டார சுவாமியானார், புலால் நீத்தார், தமிழ்ப்பெயர் பூண்டார். வந்த ஊரில் நம் உணவையும் உடையையும் காக்க நாம் படும் பாட்டை எண்ணினால், தம்முடையவற்றை உவந்து துறந்தவரின் துணிவு விளங்கும்.

1686இல் சிறைப்பட்டு மீண்டபோது, மறவர் நாட்டில் இனிப் போதித்தல் கூடாதென்று சேதுபதி ஆணையிட்டார். தாயகம் சென்றவரைத் தங்குமாறு மன்னர் வேண்டினார். அவரோ 1690இல் திரும்பிவிட்டார்.

கிழவன் சேதுபதியை வெறும் கொடுங்கோலர் என்று தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. மதுரை நாயக்கரின் மேலாண்மையை உதறிவந்த வேந்தர் அவர். அந்நிலையில், அரசுரிமை கோரத்தக்க தடியத் தேவர் மதம் மாறி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை நீக்கினார். நீக்கப்பட்டோருள் சேதுபதியின் உறவுப்பெண்ணும் ஒருத்தி! குடும்பப் பூசலும் அரியணைப் பூசலும் ஒன்றாய்த் திரண்டன.

இறப்பதற்கு முந்தைய நாள், கரியை நீரில் கரைத்து மடல் வரைந்தார் அருளானந்தர்.

புனிதர் பட்டம் 1947இல் கிடைத்தது. மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. கொலைக்கு ஆணையிட்ட மன்னரின் குடிகளான மறவர், இந்துவும் கிறித்தவருமாக, அவரையே காவலராகக் கொண்டு கிடாய் வெட்டி நேர்த்தி செலுத்தி வந்தனர். அவர் குருதி தோய்ந்து சிவந்ததென்று நம்பும் அவ்வூர்ச் செம்மண்ணை, மகப்பேறு வேண்டுவோர் முந்தானையில் முடிந்து கொண்டுசெல்வர்.