உறைபனி காத்த எல்லை: நீலகிரிப் புல்வெளியும் சீகை மரமும்

நீலகிரியின் உச்சிப் பகுதிகளில் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே யாரும் வேலி போடவில்லை. பள்ளத்தில் அடர்ந்து நிற்கும் சோலை சட்டென முடிகிறது. அடுத்த அடியில் புல். காட்டை அழித்ததால் உண்டான வெற்றிடம் என்றே இதைப் பலகாலம் எண்ணிவந்தார்கள். சதுப்புகளின் அடியில் முழுதாக மக்காமல் கிடக்கும் தாவரப் படிவுகளை ஆராய்ந்து சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் 1993இல் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தை அசைத்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. வறண்ட காலங்களில் விரிந்தும் ஈரமான காலங்களில் சுருங்கியும் வந்திருக்கிறது.

இந்த எல்லையைக் காத்துவந்ததில் உறைபனிக்குப் பெரும்பங்கு உண்டு. ஜனவரி விடியலில் புல்வெளிப் பள்ளங்கள் உப்புப் பூத்ததுபோல வெளுத்துக் கிடக்கும். சோலையின் இலைக்கூரைக்குள் அந்தக் குளிர் அவ்வளவாக இறங்குவதில்லை. வெளியே முளைத்த சோலைக் கன்றோ கருகிவிடும். புல்லும் மேலே காயும், ஆனால் தூரிலிருந்து மறுபடி தழைத்துவிடும்.

சீகை மரத்திடம் இந்தக் காவல் செல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இம்மரம், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகப் பெருவாரியாக நடப்பட்டது. சோலை நாற்றுகளைச் சாய்க்கும் உறைபனியைச் சீகை நாற்றுகள் தாங்குகின்றன என்று 2020இல் வெளியான கள ஆய்வு காட்டியது. இரவுகள் வெப்பமாகி உறைபனி குறைந்தால் மற்ற மரங்களுக்கும் வழி திறக்கும். காற்றில் கூடும் கரியமில வாயுவும் இங்குள்ள புல்லைவிட மரத்துக்கே கூடுதலாக ஊட்டம் தரும்.

ஆகவே 'காலநிலையே மாறிவிட்டது, பழைய புல்வெளியை மீட்பது வீண்' என்கிறார்கள் சிலர். இதை என்னால் ஏற்க முடியவில்லை. இதேபோன்ற சோலையும் புல்வெளியும் கொண்ட பழனி மலையில் நாற்பதாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. அதை விழுங்கியவை மரத்தோட்டங்களும் வேளாண்மையும். மனிதர் நட்டதன் பழியை வெயில்மேல் போடுவது தவறு. மரம் கூடினால் கார்பன் சேரும் என்ற கணக்கு இன்னும் ஆபத்தானது. புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது. வரையாட்டுக்கும் நெட்டைக்காலிப் பறவைக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. தோடர் பழங்குடியினர் தம் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் இந்த நிலத்தில்தான் விளைகிறது.

அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கை வகுத்தது. வரவேற்கிறேன், ஆனால் எங்கே தொடங்குவது என்பதுதான் முக்கியம். முற்றிய சீகைத் தோப்பை வெட்டினால் தரையில் வெளிச்சம் விழும், மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிய விதைகள் கூட்டமாக முளைக்கும். தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் எழும்பியிருந்தால் அவசரப்படாமல் விடலாம். மிஞ்சியிருக்கும் புல்வெளியின் ஓரம்தான் காத்திருக்காது. மழை விட்ட வாரத்தில், அங்கே முழங்கால் உயரம் நிற்கும் சீகைக் கன்று ஒரு கை இழுப்பில் வேரோடு வந்துவிடும். சில மழைக்காலம் போனால் அதற்குக் கோடரி வேண்டும். அதற்குள் அதன் காலடி மண்ணில் விதை சேர்ந்திருக்கும்.