கோயிலுக்குள் ஓடிவிட்டால் போலீஸ் பிடிக்க முடியாதா?

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெர்மிட் முடிந்துபோன வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர், குடிநுழைவுத் துறை வண்டியைப் பார்த்ததும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குள் ஓடிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் வாசலிலேயே நின்றுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. கோயில், சர்ச், பள்ளிவாசல் எதற்கும் மலேசியச் சட்டத்தில் அப்படி விலக்கு கிடையாது. அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையிலும் மலேசியா கையெழுத்திடவில்லை.

அப்போ, 'சர்ச்சுக்குள் வந்தவனைத் தொடக்கூடாது' என்று படங்களில் வருவதெல்லாம் கற்பனையா? இல்லை. மலேசியச் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட இங்கிலாந்தில் அது நிஜமாகவே சட்டமாக இருந்தது. குற்றம் செய்தவர் சர்ச்சுக்குள் புகுந்துவிட்டால் 40 நாள் வரை அவரைப் பிடிக்க முடியாது. ஆனால், சும்மா இருந்துவிட முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சொத்தை இழந்து, கையில் சிலுவையோடு துறைமுகம் வரை நடந்து, நாட்டைவிட்டே போக வேண்டும்.

போப்பிடமிருந்து பிரிந்த எட்டாம் ஹென்றி மன்னர், 1540இல் இதைச் சுருக்கினார். எட்டு ஊர்களில் மட்டும் புகலிடம்; கொலை, கொள்ளை செய்தவர்களுக்கு அங்கும் இடமில்லை. அந்த எட்டில் ஒன்று மான்செஸ்டர். துணி வியாபாரம் செய்த ஊர்க்காரர்களோ, 'திருடர்களை எங்கள் தலையில் கட்டுவதா?' என்று கொதித்தார்கள். சீக்கிரமே அந்தப் பொறுப்பு செஸ்டர் நகருக்கு மாற்றப்பட்டது. அவர்களுக்கும் அது பிடிக்கவில்லை! 1624இல் சட்டமே ஒழிக்கப்பட்டது. பிரிட்டிஷார் பினாங்கில் காலூன்றியது 1786இல். அவர்கள் கொண்டுவந்த சட்டத்தில் புகலிடம் இல்லாதது அதனால்தான்.

அதே மான்செஸ்டரில், 1986 டிசம்பரில், விராஜ் மெண்டிஸ் என்ற இலங்கையர் ஹியூம் பகுதியில் உள்ள அசென்ஷன் தேவாலயத்துக்குள் போனார். அவர் சிங்களவர், ஆனால், தமிழர் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்பது அவர் வாதம். பாதிரியார் ஜான் மெத்துவன் இடம் கொடுத்தார். ஆதரவாளர்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள்.

அவரைக் காத்தது சட்டம் இல்லை, அரசின் தயக்கம்தான். சர்ச் கதவை உடைத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம். அது இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கியது. 1989 ஜனவரி 18 அன்று போலீஸ் கதவை உடைத்து உள்ளே நுழைந்தது. இரண்டே நாளில் அவர் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். பிறகு ஜெர்மனியின் பிரெமன் நகரில் குடியேறி, இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காகத் தொடர்ந்து வேலை செய்தார். 2024இல் காலமானார்.

நெதர்லாந்தில் கதை கொஞ்சம் வேறு. அங்கே வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது அதிகாரிகள் உள்ளே நுழையச் சட்டம் தடை போடுகிறது. 2018 அக்டோபரில் ஓர் ஆர்மீனியக் குடும்பம் ஹேக் நகரின் பெத்தேல் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தது. போதகர்கள் நூற்றுக்கணக்கில் மாறி மாறி வந்து, இரவும் பகலும் நிறுத்தாமல் 96 நாள் ஆராதனை நடத்தினார்கள். அரசு தன் கொள்கையைத் தளர்த்திய பிறகுதான் முடித்தார்கள்.