பட்டம் இலவசம், பறப்பு யார் செலவில்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் பலாலி விமான நிலையத்தையும் இணைப்பது ஒரே வீதிதான். பரமேஸ்வராச் சந்தியில் இருந்து பலாலி வீதியால் வடக்கே போனால் கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் தாண்டி ஓடுபாதைப் பக்கம் போய்விடலாம். உரும்பிராய்ச் சனம் நாங்கள் இரண்டுக்கும் நடுவில இருக்கிறம். தெற்கே போனால் பௌதிகவியலில் பட்டம் எடுக்கலாம், வடக்கே போனால் பிளேன் ஏறலாம். ஆனால் அந்தப் பட்டத்தைப் படித்துக்கொண்டே பிளேன் ஓட்டப் பழகலாமா? உயர்தரத்தில் கணிதம் படிக்கிற பெடியன் பெட்டையள் கனபேர் கேட்கிற கேள்வி இது. இதற்குப் பதில் தேட, கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டியிருக்கு.

முதலில் விதி என்ன சொல்லுது எண்டு பார்ப்பம். 1944இல் சிக்காகோவில் கைச்சாத்தான உடன்படிக்கையின் வழியாகத்தான் இன்றைய சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு உருவானது. அதன் விதிப்படி வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 18 நிரம்பியிருக்க வேணும். 200 மணித்தியாலம் பறந்திருக்க வேணும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சி நெறி ஒன்றில் சேர்ந்தால் 150 போதும். முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் கட்டாயம். பல்கலைக்கழகப் பட்டம் வேணும் எண்டு அந்த விதியில் எங்கேயும் இல்லை. ஆனால் எழுத்துப் பரீட்சைப் பாடங்களைப் பாருங்கோ: வானிலையியல், வழிகாட்டல், பறப்பின் தத்துவங்கள், விமானத்தின் செயல்திறன். பாதிக்கு மேல் பௌதிகம்தான்.

அப்படியெண்டால் பட்டத்தையும் பறப்பையும் முதலில் சேர்த்து வைத்தது யார்? 1925இல் பிரித்தானிய விமானப்படை கேம்பிரிட்ஜிலும் ஒக்ஸ்போர்டிலும் பல்கலைக்கழக விமான அணிகளைத் தொடங்கியது. மாணவர்கள் படித்துக்கொண்டே பறக்கப் பழகினார்கள். செலவு அரசாங்கத்தினுடையது. இதே ஏற்பாடு மறுபக்கமாகவும் வேலை செய்தது. ஏற்கெனவே விமானியாக இருந்த பிராங்க் விட்டில் என்பவரை விமானப்படையே கேம்பிரிட்ஜுக்குப் படிக்க அனுப்பியது. 1936இல் அவர் பட்டம் பெற்றார். அடுத்த வருசம் அவருடைய ஜெட் இயந்திரம் முதல் முறையாக ஓடியது. ஒரு விமானியைப் படிக்க வைத்ததால் உலகத்துக்கு என்ன கிடைத்தது எண்டு இதில தெரியுது.

அமெரிக்காவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1938 டிசம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கல்லூரி மாணவர்களுக்கான விமானிப் பயிற்சித் திட்டத்தை அறிவித்தார். தரைப் பாடங்களைக் கல்லூரிகள் நடத்தின, பறப்பைப் பக்கத்து விமானத் தளங்கள் பார்த்துக்கொண்டன. பெரும் செலவை அரசு ஏற்றது. 1944 வரையில் 4 லட்சத்து 35 ஆயிரம் பேர் வரை இதில் பயிற்சி பெற்றார்கள். ஆரம்பத்தில் பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். கறுப்பின மாணவர்களின் டஸ்கெகீ கல்லூரியும் 1939இல் சேர்ந்தது. அதுவரை கறுப்பினத்தவருக்கு விமானப்படையின் கதவு மூடித்தான் இருந்தது. பிறகு புகழ்பெற்ற டஸ்கெகீ விமானிகளின் கதைக்கு அடித்தளம் போட்டது இந்தக் கல்லூரித் திட்டம்தான். போருக்கான தயாரிப்பு எண்டதால்தான் அரசுகள் காசு கொடுத்தன, அது உண்மை. ஆனாலும் காசு இல்லாத வீட்டுப் பிள்ளை பறந்தது அந்த ஏற்பாட்டால்தான்.

இனி எங்களுக்குக் கிட்ட இருக்கிற ஒருவரைப் பார்ப்பம். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். 1954இல் திருச்சி சென் ஜோசப் கல்லூரியில் பௌதிகவியல் பட்டம் முடித்தார். ஆனால் அவருக்கு ஆசை பறப்பில். சென்னை தொழில்நுட்ப நிறுவனத்தில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது, கட்டணத்துக்காக அவருடைய அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பிறகு டெஹ்ராடூனில் விமானப்படைத் தேர்வு. எட்டு இடம் இருந்தது, கலாம் வந்தது ஒன்பதாவதாக. 2006 யூன் 8ஆம் திகதி, 74 வயதில், குடியரசுத் தலைவராகத்தான் அவர் சுகோய் போர்விமானத்தில் பறந்தார்.

இந்தக் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் பெரிசாகத் தெரிவது அந்த வளையல். விமானம் ஓட்டவும் இல்லை, அதைப் பற்றிப் படிக்கவே ஒரு குடும்பத்தின் தங்கம் போக வேண்டியிருந்தது.

எங்கட பக்கம் என்ன நடந்தது? 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் பறப்பு இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை எண்டு சொன்னது பலாலியைத்தான். பல்கலைக்கழகம் எங்களுக்கு வந்தது 1974இல். அதற்கு முன்னமே 1971 தொடக்கம் தரப்படுத்தல் வந்து, விஞ்ஞானப் பாடங்களுக்கான இடமே தமிழ் மாணவர்களுக்குப் பெரிய போராட்டமாகியிருந்தது. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வேறு எதையும் யோசிக்கிற நிலைமை ஒரு வீட்டிலும் இல்லை.

பிறகு யுத்தம். அம்மா அப்பாவின் தலைமுறைக்கு வானத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவதுதான் பழக்கம். பொம்பர், சகடை, கிபிர் எண்டுதான் அவர்களுக்கு விமானங்களின் பெயர் தெரியும். பலாலியைச் சுற்றி இருந்த சனம் 1990இல் வீடு காணியை விட்டு வெளியேறியது. இரத்மலானையில் இருக்கிற பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் விமானப்படை கடேற் ஆகச் சேர்ந்தால் பட்டமும் பயிற்சியும் அரச செலவில் கிடைக்கும். ஆனால் இந்த நினைவுகளோடு எங்கட வீடுகளில் எத்தனை பேர் அந்த வழியைப் பற்றிப் பேசுவினம்?

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நிண்டு, 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. விமானி வேலை எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது எண்டதுக்கு அந்தக் காலமே சாட்சி. உலகம் முழுக்க விமானிகள் வேலை இழந்தார்கள். மருத்துவச் சான்றிதழ் ஒருமுறை கைவிட்டுப் போனாலும் தொழில் முடிந்தது. பட்டம் சட்டப்படி தேவையில்லை எண்டாலும், அது கையில் இருக்க வேணும் எண்டு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, இரண்டையும் ஒன்றாகச் செய்தால்? கணக்குப் போடுவம். கிழமைக்கு மூன்று மணித்தியாலம் பறந்தால் 150ஐ முடிக்க 50 கிழமை வேணும். பார்க்க லேசாகத்தான் இருக்கு. ஆனால் பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் இரத்மலானைப் பக்கம். இங்கேயிருந்து 400 கிலோமீற்றர் அளவு. விஞ்ஞான பீடத்தில் செய்முறை வகுப்புகளை விடவும் முடியாது. வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி பறக்கப் போனால் மழை எண்டு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். இடைவெளி விட்டுப் பழகினால் போன முறை பழகினதையே திரும்பப் பழக வேண்டி வரும், அதற்கும் காசு. ஆகவே ஒன்று முடித்து மற்றது செய்வது, அல்லது திறந்த பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வியாக விஞ்ஞானப் பட்டம் படித்துக்கொண்டு பயிற்சிக்குப் போவது, இவைதான் இன்றைக்கு நடைமுறைக்குச் சரிவரும்.

எந்த வழியால் போனாலும் செலவு மில்லியன் கணக்கில்தான். பட்டத்துக்கு அரசு காசு கொடுக்குது, பறப்புக்குக் குடும்பம்தான் கொடுக்க வேணும். வெளிநாட்டில் சொந்தம் இருக்கிற பிள்ளை பறக்கும், தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை அதே பௌதிகத்தில் A எடுத்தும் நிலத்தில் நிற்கும். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பல்கலைக்கழகமும் ஓடுபாதையும் இவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கிற இடம் இது. தரைப் பாடங்களை விஞ்ஞான பீடத்தில் நடத்தலாம். பயிற்சிக்காக ஒரு வருசம் இடைநிறுத்தித் திரும்பி வர மாணவருக்கு வழி விடலாம். காணியை ஈடு வைக்காமல் எடுக்கக்கூடிய ஒரு மாணவர் கடன் திட்டம் கொண்டு வரலாம். 1939இல் செய்ய முடிந்ததை இப்ப கேட்பது அதிகமில்லை. உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு, அதுவரை, ஒன்று மட்டும் சொல்லலாம்: பயிற்சிப் பள்ளிக்குக் காசு கட்ட முன்னம் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கோ. கிடைத்த பல்கலைக்கழக இடத்தையும் அவசரப்பட்டு விடாதேங்கோ.