நீறு பூசிய நெற்றிகள்

டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெஸட்டியரில், திண்டிவனம் வட்டாரத்துச் சமணரிடையே வழங்கிய மரபுக்கதை ஒன்று பதிவாகியிருக்கிறது.

செஞ்சித் தலைவன் வேங்கடபதி சமணரிடம் பெண் கேட்டான். அவர்களும் இசைந்தனர். மணநாளில் அவன் வந்து பார்த்தால் வீடு வெறுமையாகக் கிடந்தது. திண்ணைத் தூணில் ஒரு பெட்டை நாய் மட்டும் கட்டப்பட்டிருந்தது. சினமுற்றவன் சமணர் தலைகளைக் கொய்ய ஆணையிட்டான். சிலர் மாண்டனர்; சிலர் ஊரைவிட்டு ஓடினர். எஞ்சியோர் பூணூலைக் களைந்து, நீறு பூசிச் சைவராயினர்.

கதை தரும் ஆண்டு 1478. செஞ்சி நாயக்கர் ஆட்சியோ பதினாறாம் நூற்றாண்டுக்குரியது. ஆகவே அந்த ஆண்டை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால் 'நீறுபூசி வேளாளர்' என்ற பெயர் பிரான்சிஸ் காலத்திலும் வழக்கில் இருந்தது.

என்னை யோசிக்க வைத்தது கதையின் பிற்பகுதிதான். தாயனூர் கங்கைய உடையார் தப்பிச் சென்று உடையார்பாளையத்தில் அடைக்கலம் பெற்றவர். பின்னர் சிரவணபெளகுளாவிலிருந்து வீரசேனாசாரியரை அழைத்துவந்து, செஞ்சிச் சீமையெங்கும் சென்று, மதம் மாறியவர்களைத் திரும்ப அழைத்தார். பலர் திரும்பினர்.

திரும்பாதவர்களும் இருந்ததாலன்றோ அப்பெயர் நிலைத்தது? அச்சத்தால் தந்தை பூசிய நீறு, பிள்ளைக்குப் பக்தியாகவே பழகியிருக்கக்கூடும். அண்ணன் பூணூலை மீண்டும் அணிய, தம்பி நீற்றோடு நின்றிருந்தால், அவ்விரு வீடுகளுக்கிடையே கொள்வினை கொடுப்பினை என்னவாயிற்று? கெஸட்டியரில் விடையில்லை.

உடையார் வழியினருக்கு விழாக்களில் முதல் தாம்பூலமும், சித்தாமூர் மடாதிபதியைத் தேர்வதில் முதன்மையும் உண்டு என்று மட்டும் அது குறிக்கிறது. ஊரிலேயே தங்கி, நெற்றியை மாற்றிக் குடும்பத்தைக் காத்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.